பெட்டி முன்னால் புறப்பட்டது

என் கதாநாயகன் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்றான். ரங்கூனுக்குப் போக வேண்டியவன். அங்கே காணாமல்போன அண்ணனைத் தேட வேண்டும், துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டும், விஷக்காய்ச்சலில் செத்துப் பிழைக்க வேண்டும். எல்லாவற்றையும் நான் மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அவனோ மூன்று அத்தியாயமாக அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டு, கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு ஊரிலேயே உட்கார்ந்திருந்தான்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் குடியிருந்தோம். ஜெர்மன் சண்டை முடிந்து, படுத்துக் கிடந்த தோல் வியாபாரம் மெல்ல எழுந்துகொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரர் ஒரு தோல் ஷாப்பில் குமாஸ்தா. தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். வேலையாக வேலூருக்குப் போனால் லாங் பஜாரில் எனக்கு மசிக்கட்டியும் காகிதமும் வாங்காமல் திரும்ப மாட்டார். புளியும் மிளகாயும் மறந்துபோகும், காகிதம் மறக்காது. அதற்காக நான் அவரிடம் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. புளி எங்கே என்றுதான் கேட்டிருக்கிறேன்.

மூன்று அத்தியாயத்தையும் சென்னையில் பெண்களுக்காக நடந்துவந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பத்திராதிபர் ரொம்ப மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். தங்கள் கதாநாயகன் எப்போது ரயில் ஏறுவான் என்று தெரிவித்தால் உபகாரமாக இருக்கும் என்றார். எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. ஏறணும்னா ஏறட்டுமே என்று ஒரே மூச்சில் உட்கார்ந்து, முதல் வரியிலேயே அவனை ரயிலில் ஏற்றினேன். இரண்டாம் பக்கத்தில் கப்பல். மூன்றாம் பக்கத்தில் புயல்.

அதற்கும் பதில் வந்தது. ரயில் ஏறிவிட்டான், சந்தோஷம், ஆனால் ஏறியது யார் என்றுதான் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அவன் புயலில் மூழ்கினாலும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவார்களாம். கடைசியில் ஒரு வார்த்தை. உங்களுக்கு எழுத வருகிறது, அதனால் இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன், மாதக் கடைசிக்குள் சரியான ஆரம்பம் வந்தால் தொடர்கதையாகப் போடுகிறேன், வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் கதை தயாராக இருக்கிறது.

எனக்கு அந்தக் கதை அச்சில் வர வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நகை வேண்டும் என்று ஏங்கியதில்லை, பட்டுப் புடவைக்கு ஏங்கியதில்லை, இதற்கு ஏங்கினேன். சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வேறு ஷாப்பு முழுக்க, முதலாளி வரைக்கும், என் பெஞ்சாதி கதை பத்திரிகையில் வரப்போவுது என்று சொல்லி வைத்திருந்தார்.

எங்களோடு அவருடைய அக்கா இருந்தார். புருஷன் போன பிறகு தம்பி வீடே தன் வீடு என்று வந்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் காரம். நான் எழுதியதை அவருக்குத்தான் படித்துக் காட்டுவேன், ஏனென்றால் மத்தியானத்தில் வீட்டில் வேறு யாரும் கிடையாது. புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்பார். முதல் ஆரம்பத்தைக் கேட்டபோது நடுவில் தூங்கிவிட்டார். ரயில் ஏறுகிற ஆரம்பத்தைக் கேட்டுவிட்டு, "இவன் போனா இன்னா, போவாட்டி இன்னா? எனக்கு இவன் யாரு?" என்றார். பத்திராதிபர் ஒரு பக்கத்தில் எழுதியதை அண்ணி ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று அப்போது தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது.

இந்த நிலைமையில்தான் முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கல்கத்தாவில் பச்சைத் தோல் வாங்கி அனுப்பும் வேலைக்கு நீதான் போக வேண்டும் என்றார். போனால் ஆறேழு மாதம் ஆகும். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு, அதனால் சனிக்கிழமை ரயில் ஏறலாம் என்று அவரே நாளையும் குறித்துவிட்டார்.

அண்ணி பஞ்சாங்கத்தை எடுத்தார். "சனிக்கிழமை கிழக்கே சூலம். மெட்ராஸ் பக்கம் போறவன் சனிக்கிழமை வாசப்படி தாண்டக் கூடாது."

"முதலாளிக்குச் சூலம் தெரியாதுக்கா" என்றார் இவர்.

"அவருக்குத் தெரிய வேணாம். நமக்குத் தெரிஞ்சா போதும். வியாழக்கிழமை காலைல பரஸ்தானம் வெச்சுடலாம்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பரஸ்தானம் தெரியாமல் இருக்கலாம். நல்ல நேரம் ஒரு நாளிலும் பிரயாணம் வேறு நாளிலும் விழுந்தால், நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வீட்டை விட்டுக் கிளப்பி, போகிற திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் வைத்துவிடுவோம். பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பிய கணக்கு. அப்புறம் ஆள் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷம் இல்லை, போகிற வழியில் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தடவை கிளம்பிய பெட்டி, பிரயாணம் முடியாமல் சொந்த வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது.

எங்களுக்குக் கிழக்கே இருந்த ஒரே வீடு ஷாப்பு கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பாயுடைய வீடு. அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டார், கொல்லை வழியாக என்னிடம் வந்து மணிக்கணக்காகப் பேசுவார். விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு, "பெட்டியை வெச்சுக்கணும், அவ்ளோதானே தங்கச்சி? அதுக்குச் சோறு கீறு போடணுமா?" என்றார்.

வியாழக்கிழமை காலை பெட்டி போயிற்று. ஷாப்பில் கழித்துப்போட்ட தோலில் அவரே சொல்லித் தைத்த பெட்டி. எதையும் கடைசி நேரத்துக்கு வைக்காத மனுஷன் அவர். இருந்த சட்டை எல்லாவற்றையும் அதில் வைத்து, சவரக் கத்தி, மூக்குக்கண்ணாடி, குடை, குடிக்கிற டம்ளர் வரைக்கும் அடுக்கிப் பூட்டி, பெருமையாகச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பியதும் ஷாப்புக்குப் புறப்படலாம் என்று சட்டையைத் தேடினார்.

"அக்கா, ஒரே ஒரு சட்டை எடுத்துக்குனு வந்துடறேன்."

"அது ஊருக்குப் போய்ட்ட சட்டை. வூட்டுக்குள்ள வரக் கூடாது" என்றார் அண்ணி.

அன்றைக்குப் பாயுடைய நீளச் சட்டையில் ஷாப்புக்குப் போனார். முழங்கால் வரை தொங்கியது. முதலாளி பார்த்துவிட்டு, கல்கத்தாவுக்குப் போவதற்குள்ளேயே ஆளே மாறிவிட்டாயே என்று கேட்டாராம். இரண்டு நாள்தானே, சமாளிக்கலாம் என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. கல்கத்தாவில் இவர் தங்க வேண்டிய அறையைப் பழைய ஆள் இன்னும் காலி பண்ணவில்லை, அடுத்த சனிக்கிழமை கிளம்பினால் போதும் என்று.

ஆக, ஊருக்குப் போய்விட்ட என் வீட்டுக்காரர் மேலும் ஒரு வாரம் வீட்டில் இருந்தார். காலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போவார். பெட்டியைத் திறந்து சவரம் பண்ணிக்கொண்டு, சட்டை மாட்டிக்கொண்டு, பாய் தருகிற டீயைக் குடித்துவிட்டு அவரோடு ஷாப்புக்குப் போவார். சாயந்திரம் அங்கேயே சட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, துண்டோடு வீட்டுக்கு வருவார். தெருவே பார்த்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான். கூடவே மாதக் கடைசி நெருங்குகிறதே என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வீட்டுக்குள் என்னமோ மாறியிருந்தது. தம்பி சாப்பிடும்போது ஒரு குறையாவது சொல்லாமல் இருக்க மாட்டாத அண்ணி, ஒன்றும் சொல்லாமல் குழம்பில் பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போட்டார். இவரோ யாரும் கேட்காமலே கிணற்றுக்குப் புதுக் கயிறு மாட்டினார். பின்கதவுத் தாழ்ப்பாளைத் தட்டித் தட்டிப் பார்த்து, இது சரியில்லை என்று எண்ணெய் விட்டார். ஒரு நாள் கொல்லையில் நின்றுகொண்டு, "இந்த வேப்பமரம் எப்போ இவ்ளோ பெருசாச்சு?" என்று கேட்டார். அவர் அந்த மரத்தடியில் பல் விளக்காத நாள் கிடையாது. நானும் அண்ணாந்து பார்த்தேன். பெரிதாகத்தான் வளர்ந்திருந்தது.

திங்கட்கிழமை என்று நினைக்கிறேன். காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படியிலேயே மணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பெண் குழந்தை அப்போது சின்னவள். அப்பா மடியில் சாய்ந்துகொண்டு என்னிடம் கேட்டாள்: "அம்மா, பெட்டி எப்போ அப்பாவைக் கூப்பிடும்?"

இவர் வாயில் வைத்த தோசையை மெல்லாமல் நிறுத்தினார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றேன், கல்லில் தோசை கருகியது.

அந்தக் கருகல் வாசனையில்தான் எனக்கு உறைத்தது. இது என்னுடைய பழைய முதல் அத்தியாயம். அதே தோசை, அதே கிணறு, அதே மரம். அதை எழுதியபோது என் நாத்தனாருக்கே தூக்கம் வந்தது. இப்போது அதே காரியங்கள் கண் முன்னால் நடக்கின்றன, என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பெட்டி போய்விட்டது. நான் முதலில் வீட்டைக் காட்டிவிட்டு அப்புறம் பிரயாணத்தைக் காட்டலாம் என்று எழுதினேன். பிறகு வீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிரயாணத்தை மட்டும் எழுதினேன். பிரயாணம் முதலில் ஆரம்பித்துவிட வேண்டும், ஆள் மட்டும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். முதல் வரியில் கதாநாயகனின் பெட்டி பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அதற்குப் பின்னால், எடுத்து வைத்திருந்த பழைய பக்கங்களையே கொண்டுவந்து சேர்த்தேன். பாதிக்குப் பாதி வெட்டினேன். புதிதாக எழுதியது கொஞ்சம்தான். தோசை அப்படியே இருந்தது.

இரண்டு நாள் எழுதியதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடி பெட்டியில் இருந்ததால் காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா பெட்டி ஜாஸ்தி" என்றார்.

"இன்னாங்க ஜாஸ்தி? அதுதானே கதை."

"பத்து வரிக்கு ஒருக்கா பெட்டி பெட்டின்னு எழுதிக்கீற. எனக்கு அப்படி இல்ல. காலைல சட்டை போடப் போறப்போ பாக்குறேன், சாயந்திரம் கழட்டப் போறப்போ பாக்குறேன். நடுவுல மறந்துடறேன். மறந்துட்டு இருக்குறப்போ திடீர்னு பாத்தாதான் பக்குனு இருக்கு."

அவர் கதை படித்து வளர்ந்தவர் இல்லை. தான் படுவதைச் சொன்னார், அவ்வளவுதான். நான் பேனாவை எடுத்துப் பெட்டிகளை அடித்தேன். அத்தியாயத்துக்கு இரண்டு மட்டும் விட்டேன். வாசகர் மறக்கும் அளவுக்கு நடுவில் இடம் கொடுத்தேன். தாயார் மகனோடு சண்டை போடட்டும், பக்கத்து வீட்டுப் பசு கன்று போடட்டும், அவன் சிரிக்கட்டும் என்று விட்டேன். அவர் ஊருக்குப் போகப்போகிற துக்கம் எனக்குள் இருந்தது. அதைக் கதையில் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை, ஆனாலும் எழுதும்போது காகிதத்தில் கண்ணீர் சொட்டி மசி கலைந்தது.

வெள்ளிக்கிழமை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். வழக்கம்போலப் புளியோடு உட்கார்ந்தார். முதல் பக்கம் முடிவதற்குள், "பெட்டியை யாரு வூட்ல வெச்சான்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் புளி எடுக்கிற கை நின்றுவிட்டது. கதாநாயகன் தோசை தின்னும் இடத்தில், வாசலில் யாரோ கூப்பிடுவதாக எழுதியிருந்தேன். அவன் பாதியில் எழுந்திருக்கிறான்.

"சாப்ட்டு முடிக்கட்டும்" என்றார் அண்ணி கோபமாக. "அதுக்குள்ள அவனை ஏன் எழுப்புற? கடைசித் தோசையோ இன்னாவோ."

இவன் எனக்கு யாரு என்று கேட்டவர் அவர்தான். அந்த இடத்தை மாற்றி, அவனை முழுத் தோசையும் தின்ன வைத்தேன். இன்றைக்கும் அச்சில் அப்படித்தான் இருக்கிறது.

கதையைத் தபாலில் போட்டால் மாதக் கடைசிக்குள் சேருமா என்று பயம். கல்கத்தா மெயில் ஏறுவதற்கு முன் சென்னையில் அரை நாள் இருப்பு இருந்தது, கையோடு கொண்டுபோய்ப் பத்திராதிபர் மேஜையில் வைத்துவிடுகிறேன் என்றார் இவர். சனிக்கிழமை காலை நான் காகிதக் கட்டை நூலால் கட்டி எடுத்துக்கொண்டு, பெட்டியில் வைப்பதற்காகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அக்கா உள்ளே பச்சைத் துணி கிழித்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகிறவர் கையில் துணியில் ஒரு காசு முடிந்து கட்டிவிடுவது அவர்கள் வழக்கம். இமாம் ஜாமின் என்பார்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் அந்தக் காசை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். முடிச்சை என்னிடம் கொடுத்து, "அண்ணன் கையில நீயே கட்டிடு தங்கச்சி" என்றார். பிறகு என் மார்பில் அணைத்திருந்த காகிதக் கட்டைப் பார்த்தார்.

"இதுவும் ஊருக்குத்தானே போவுது?"

"ஆமாக்கா."

"பத்திரமா போய்ச் சேரணும்னு வாரம் பூரா பேஜாராய்க் கிடந்தியே" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு துணியில் ஒரு காசை முடிந்து, கதைக் கட்டின் மேல் இறுக்கிக் கட்டினார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் எழுதிய ஒரு வரியும் படித்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு கட்டைப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் போனார். நான் ரயிலடிக்குப் போகவில்லை, அது எங்கள் வழக்கமில்லை. வாசலில் நின்று, அவர் பக்கத்து வீட்டில் நின்று பெட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்புகிறவரை பார்த்தேன். அண்ணி அன்றைக்கு முழுக்க யாரோடும் சண்டை போடவில்லை.

பிறகு காத்திருந்தேன். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசல் பெருக்குவதே வேலையாக இருந்தது. அண்ணி, "வாசலைத் தேய்ச்சுப் பள்ளம் ஆக்கிடாதே" என்றார். கொல்லை வழியாக வரும் அக்கா கேட்கிற கேள்வி தினமும் ஒன்றுதான்: "காசு போய்ச் சேர்ந்துச்சா?" எந்தக் காசு என்று அவரும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். பெட்டி இருந்த இடத்தில் அவர் வேறெதையும் வைக்கவில்லை. பாய் ஒரு நாள் அங்கே அரிசி மூட்டையை வைக்கப்போனபோது, ஆள் திரும்பி வரும்வரை அது காலியாகத்தான் இருக்கும் என்று தடுத்துவிட்டாராம்.

கடைசியில் ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. முதலில் கல்கத்தாவிலிருந்து வந்ததைப் பிரித்தேன். சௌக்கியமாக வந்து சேர்ந்தார், கையில் கட்டிய காசை ரயிலடி வாசலில் ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டார், கதையை நேரில் கொடுத்தார், கதைக் கட்டின் மேலிருந்த துணி முடிச்சை அவிழ்க்க மறந்துவிட்டார்.

இரண்டாவது பத்திராதிபருடையது. ஆரம்பமே பயமாக இருந்தது. எங்கள் பத்திரிகையில் கதை போடுவதற்காக யாரிடமும் காசு வாங்குவதில்லை, தங்களைப் போன்றவர்களிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று கோபமாக எழுதியிருந்தார். முடிந்திருந்த காசை லஞ்சம் என்று நினைத்துவிட்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அடுத்த வரியை அப்புறம்தான் படித்தேன். நேற்று இதைக் கோபமாக எழுதி வைத்துவிட்டுக் கதையைப் படித்தேன், படித்த பிறகு, தங்கள் பக்கத்தில் ஊருக்குப் போகும் பொருளுக்கு இப்படி ஏதாவது வழக்கம் உண்டோ என்று சந்தேகம் வந்தது, எங்கள் அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் சாயபுவைக் கேட்டேன், அவர் விளக்கினார், மன்னிக்கவும், காசு உரிய கையில் சேர்க்கப்பட்டது. அடுத்த இதழிலிருந்து கதை வரும். கீழே ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்: தங்கள் கதாநாயகனை ரயிலில் ஏற்ற அவசரம் வேண்டாம், இன்னும் சில நாள் வீட்டில் இருக்கட்டும்.

அண்ணியிடம் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேனே, தோசையை முடிக்கட்டும்னு" என்றார். அவருக்கு இதை எந்தப் பத்திராதிபரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லை வழியாக ஓடினேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"காசு போய்ச் சேர்ந்துச்சா?"

"ரெண்டும் சேர்ந்துடுச்சுக்கா."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டி இருந்த காலி இடத்தைக் கையால் ஒரு தரம் துடைத்துவிட்டு, "அப்ப இனிமே திரும்பி வர்றதுதான் பாக்கி" என்றார்.